கப்பல் ஏறியவர்கள் கட்டிய வீடுகள்: விராலிமலையிலிருந்து காரைக்குடி வரை

விராலிமலையில் மயிலைப் பார்க்க வேண்டுமென்றால் விடிந்தவுடன் மலையடிவாரத்துக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் அவை பாறை இடுக்குகளுக்குள் போய்விடும். மேலே ஆறுமுகனாக மயில்மீது அமர்ந்திருக்கிறான் முருகன். அருணகிரிநாதர் பாடிய தலம். இங்கே சண்முகநாதருக்குச் சுருட்டு நைவேத்தியம் உண்டு. மழையிலும் இருட்டிலும் வழி தெரியாமல் நின்ற கருப்பமுத்துப் பிள்ளைக்கு ஆள் வடிவில் வந்து துணைநின்றவன் முருகன், அவர் நீட்டிய சுருட்டை வாங்கிக்கொண்டான் என்று தலக்கதை சொல்வார்கள்.

திருச்சி மதுரை நான்குவழிச் சாலை வந்தபிறகு ஊர் வேகமாக வளர்ந்துவிட்டது. சுற்றிலும் தொழிற்சாலைகள், பணி முடிந்து இறங்கும் இளைஞர்கள், புதிய குடியிருப்பு மனைகளின் கொடிகள், அடுக்குமாடிக் கடைகள். ஒருகாலத்தில் இந்தக் கோயிலில் சதிர் ஆடிய குடும்பங்கள் இதே அடிவாரத்தில் வாழ்ந்தன. அந்த வரிசையில் கடைசியாக நமக்குக் கிடைத்தவர் முத்துக்கண்ணம்மாள். 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கலையை ஒருவர் உடம்பில் வைத்துக் காப்பாற்றிவிட முடிகிறது. அவர்கள் வாழ்ந்த தெருவையும் வீட்டையும் அப்படிக் காப்பாற்ற முடிவதில்லை.

ஊர் வளரும்போது முதலில் போவது வீடுதான். கோயிலில் கைவைக்க யாருக்கும் துணிவு வராது. கோட்டைக்குத் தொல்லியல் துறை இருக்கிறது. அரண்மனை அரசாங்க அலுவலகமாகிப் பிழைத்துக்கொள்கிறது. வீட்டுக்கு வாரிசுகளை விட்டால் வேறு நாதியில்லை. இதை நினைத்துக்கொண்டுதான் விராலிமலையிலிருந்து காரைக்குடிக்குப் புறப்பட்டேன். கடல் கடந்து பிழைக்கப் போன முதல் தலைமுறைகள் ஊரில் வந்து கட்டிய வீடுகள் இத்தனை நெருக்கமாக நிற்கும் இடம் தமிழ்நாட்டில் வேறு இல்லை. அந்த வீடுகளுக்கு நடுவே நிற்கும் காரைக்குடி 2024-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது.

இலுப்பூர், அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டைக்குச் சாலை. அன்னவாசலை ஒட்டிச் சித்தன்னவாசல் குன்று. அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, நான் கடந்துபோகிறேன். புதுக்கோட்டையில் மட்டும் கொஞ்சம் நின்றேன். நேர்கோடாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் இந்த ஊரின் அகன்ற வீதிகளைச் சொல்லும்போது, 1878 முதல் 1894 வரை சமஸ்தானத்தின் நிர்வாகத்தை நடத்திய சேஷய்யா சாஸ்திரியாரை நன்றியோடு நினைக்க வேண்டும். 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. தொண்டைமான் மன்னரின் புதிய அரண்மனையில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நடக்கிறது. மனு கொடுக்க வந்த கிராமத்துப் பெண்கள் அந்த வராந்தாக்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கட்டடத்துக்கு வேலை கொடுத்தால் அது நிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

தெற்கே திருமயம். 1687-ல் சேதுபதி கட்டிய கோட்டை பாறைமேல் நிற்கிறது. அதைத் தாண்டியதும் நிலத்தின் சாயல் மாறுகிறது. செம்மண், கருவேலம், வறண்ட கண்மாய்கள். விவசாயத்தை நம்பி யாரும் கோடீஸ்வரனாகிவிட முடியாத பூமி. அந்தப் பொட்டலின் நடுவே திடீரென்று இரண்டடுக்கு மாளிகைகள் வரிசைகட்டி எழும்புகின்றன. கடியாபட்டி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று ஊருக்கு ஊர் அதே காட்சி. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்கள் முன்பு தொண்ணூற்றாறு என்பார்கள், இன்று எழுபத்துச் சொச்சம் இருக்கின்றன. புதுக்கோட்டை, சிவகங்கை இரண்டு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கும் அந்தப் பகுதியைத்தான் செட்டிநாடு என்கிறோம்.

இந்த வீடுகளுக்குப் பணம் வந்த வழியைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டைப் பார்த்துப் பயனில்லை. "கொண்டுவிக்கப் போறது" என்பது நகரத்தார் பேச்சு. சரக்குக் கொண்டு விற்கப் போவதைக் குறித்த அந்தச் சொல், பிறகு வட்டித் தொழிலுக்காகக் கப்பல் ஏறுவதற்கும் நிலைத்துவிட்டது. இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று போனார்கள். எல்லாவற்றுக்கும் மேலே பர்மா. 1852-ல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதிக் கழிமுகத்துக் காட்டை வெட்டி வயலாக்கிய பர்மிய விவசாயிக்கு விதைக்கும் மாட்டுக்கும் கடன் வேண்டும். ஐரோப்பிய வங்கி அவனை வாசற்படியில்கூட ஏற்றாது. பெரும்பாலும் செட்டியாரின் கடையில்தான் அவனுக்குக் கடன் கிடைத்தது. 1930-ஐ ஒட்டிப் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக அந்தக் காலத்து வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தது.

போனவர்கள் எல்லாரும் முதலாளிகள் அல்ல. பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்பியவர்களே அதிகம். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி எனப்படும் கடைக்கூடங்களில் ஆளுக்கொரு பாய், ஒரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேசை. அதே இடத்தில் தொழில், அதே இடத்தில் தூக்கம். மனைவியை அழைத்துப் போகும் வழக்கம் வெகுகாலம் இல்லை. போன துறைமுகங்களில் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். சிங்கப்பூர் டாங்க் ரோட்டில் 1859-ல் எழுந்த கோயில் இன்றும் தைப்பூசத்துக்கு நிரம்பி வழிகிறது. இந்த மனிதர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட ஒரே சுகம் ஊரில் இருந்த வீடுதான். அதில் அவர்கள் வாழ்ந்த நாட்கள் குறைவு. அங்கே வாழ்ந்தவர்கள் பெண்கள்.

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டுக்குள் போய்ப் பார்க்க வாய்த்தது. வீட்டுப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். திண்ணையில் எழுபதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் உட்கார்ந்து பனையோலைக் கொட்டான் முடைந்துகொண்டிருந்தார்.

"எங்கிட்டு இருந்து வர்றீக?"

"விராலிமலையிலிருந்து வர்றேன் ஆச்சி."

"முருகன் ஊருல இருந்தா? உக்காருங்க. மோர் குடிச்சிட்டு அப்புறமாப் பாருங்க. வீடு எங்க ஓடிறப் போகுது?"

தெருவாசலில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு எல்லாவற்றையும் ஊடுருவிக் கடைசியில் பின்வாசலின் வெளிச்சம் தெரிகிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் எத்தனை கதவு இருந்தாலும் அத்தனையும் ஒரே கோட்டில். முகப்புத் திண்ணையில் கணக்குப்பிள்ளையும் வந்துபோகிறவர்களும். பட்டாலையில் ஆண்கள். வளவில் கல்யாணமும் சடங்கும். இரண்டாங்கட்டில் பெண்களும் சாப்பாடும். கடைசிக் கட்டில் அடுப்பு, ஆட்டுக்கல், உரல், கிணறு. வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றித் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் இரட்டை அறைகள். ஒவ்வொரு மகனுக்கும் கல்யாணமானதும் ஓர் அறை. கணவன் மனைவி சேர்ந்தால் ஒரு புள்ளி. கோயிலில் வரி போடுவதும் இந்தப் புள்ளிக் கணக்கில்தான்.

நிலைக்கதவின் அருகே வெகுநேரம் நின்றேன். மேலே கஜலட்சுமி, இருபுறமும் கிளிகள், கொடிகள், அடியில் சிறிய யாளிகள். ஒரே பர்மாத் தேக்கு. கையால் தடவினால் உளியின் ஓட்டம் தெரிகிறது, ஆனால் எங்கும் ஒரு பிசிறு தட்டவில்லை. சுவர் இன்னும் பெரிய ஆச்சரியம். சுண்ணாம்பைப் பலநாள் ஊறவைத்து, அரைத்து, கடுக்காய்நீரும் கருப்பட்டியும் சேர்த்து, பூச்சுமேல் பூச்சாக ஏற்றி, கடைசியில் முட்டை வெண்கரு கலந்த மெல்லிய பூச்சைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். நூறு வருஷம் ஆகியும் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் குளிர்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் போதும், வெள்ளையடிப்பு கிடையாது. இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் இந்த வீடுகளின் பெருமை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என் கணக்கில் அவை பணத்தின் பெருமை. பெயர் தெரியாத கொத்தனாரின் பெருமை இந்தச் சுவரில் இருக்கிறது.

மழைநீரை இவர்கள் கையாண்ட விதத்தையும் சொல்லியாக வேண்டும். நான்கு பக்கக் கூரையும் முற்றத்துக்குள் சரிகிறது. விழும் நீர் கல்தொட்டிகளில் பிடிபடும். மிஞ்சியது தரைக்கடியில் ஓடித் தெருவடிகால் வழியாக ஊருணிக்குப் போகும். வற்றாத ஆறு இல்லாத சீமையில் ஊருணிகள் அப்படித்தான் நிறைந்தன. தெருவைவிட உயர்ந்து நிற்கும் வீட்டுத் தளமும், முன்னோர் வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட நினைவில் எழுப்பியது என்பார்கள்.

ஆச்சியிடம் கேட்டேன்: "இந்த வீட்டுக்கு எத்தனை புள்ளி ஆச்சி?"

"இப்ப பதினாலு. சென்னையில, கோயம்புத்தூருல, அமெரிக்காவுல. படைப்புக்கு எல்லாரும் வந்துருவாக. மத்த நாளு நானும் வேலைக்கு வர்ற பொண்ணும்தான். அப்பச்சி பினாங்குல இருந்தாக, ஐயா மோல்மீன்ல இருந்தாக. ஊரு ஊரா இருந்தாலும் வீடு இங்கதானே? விளக்கு வைக்க ஆள் வேணுமில்ல?"

பர்மாவின் மோல்மீன் போன்ற ஊர்களில் நடந்த தொழிலின் கதை 1930-ல் உடையத் தொடங்கியது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. 1930-ல் கீழ்ப்பர்மாவின் நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது, 1938-ல் அது 25 சதவீதம். காகிதத்தில் பெரிய சொத்து, கையில் ரொக்கம் இல்லை. நிலத்தை இழந்த பர்மியரின் கோபமோ அவர்கள்மேல். அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. தேக்குத் தூண்களைப் பார்த்து வியக்கும்போது ஐராவதிக் கரையில் வயலை இழந்த குடும்பத்தையும் நாம் மறக்கக்கூடாது. 1941 டிசம்பர் 23-ல் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு போட்டன. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், கிடைக்காதவர்கள் அரக்கான், அசாம் காடுகள் வழியாக நடந்தார்கள். வழியிலேயே இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1948-ல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1962-க்குப் பிறகு நெவின் ஆட்சி மீதியையும் எடுத்துக்கொண்டது.

காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீட்டை 1941-ல் கட்டியதாகச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒன்றேகால் லட்ச ரூபாய் செலவானதாம். தனியார் வீடு, வாசலில் நின்றுதான் பார்த்தேன். நீண்ட முகப்பு முழுக்க வரிசை வரிசையாக ஜன்னல்கள், எண்ணத் தொடங்கினால் கண் குழம்புகிறது. சுற்றுலாக்காரர்கள் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு அந்த ஆண்டுதான் மனதில் நின்றது. இங்கே கடைசி ஜன்னலுக்குக் கொக்கி மாட்டிய வருஷத்திலேயே அங்கே ரங்கூனில் குண்டு விழுந்திருக்கிறது. ஒரு யுகத்தின் கடைசி வீடுகளில் ஒன்று அது.

பணம் முழுவதும் வீடாகி முடங்கிவிடவில்லை. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. பக்கத்துக் கோட்டையூரில் 1909-ல் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். நேரு வந்து அடிக்கல் நாட்டியது 1948 ஜூலையில். கடைசியில் தாம் குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்விக்காகக் கொடுத்துவிட்டார். 1957-ல் காலமானபோது அவருக்கு வயது ஐம்பதுகூட நிறையவில்லை. காரைக்குடி இன்று வட்டியை நம்பி வாழும் ஊரல்ல, படிப்பை நம்பி வாழும் ஊர். அதற்கு அவர்தான் காரணம்.

கோட்டையூரில் இன்னொரு வீடு. அங்கே இருந்தவர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று அச்சான எதையும் விடாமல் சேர்த்தார். ஒரு லட்சத்தை நெருங்கும் சேகரிப்பு செட்டிநாட்டு வீட்டின் அறைகளை நிரப்பியது. 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, நாட்டைவிட்டு எடுத்துப் போகாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிறுவ உதவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழைப் பற்றி ஆராய்கிறவர்கள் இன்று அங்கே போகாமல் எழுத முடியாது.

மற்ற வீடுகளின் பொருள்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் தெரியும். இருபுறமும் பழம்பொருள் கடைகள். பித்தளை அண்டா, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படங்கள், கண்ணாடிச் சரவிளக்கு, மரப்பெட்டகம். ஓரத்தில் சாய்த்துவைத்த நிலைக்கதவுகள், தூண்கள். ஒரு நிலையின் அடியில் அது பதிந்திருந்த சுவரின் சுண்ணாம்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சீர்சாமான் பரப்பி ஊரைக் கூட்டிக் காட்டிய பாத்திரங்களுக்குக் கடைக்காரர் எடை போட்டு விலை சொல்கிறார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். அவர் வாங்கியிராவிட்டால் பாதி உருக்கும் உலைக்குப் போயிருக்கும்.

ஒரு வீடு விழுவது ஓட்டிலிருந்து தொடங்குகிறது. குரங்கு நடந்தோ காற்றடித்தோ ஓர் ஓடு நகர்கிறது. ஆள் குடியிருந்தால் அன்றே சரிசெய்வார்கள். பூட்டிய வீட்டில் அந்த ஓட்டை வழியாக இரண்டு மழைக்காலம் தண்ணீர் இறங்குகிறது. கரையான் தொடாத தேக்கு உத்திரம் ஈரத்துக்குத் தோற்கிறது. மேல்தளம் தொய்கிறது, அந்த எடையில் சுவர் பிளக்கிறது, பிளவில் ஆலங்கன்று முளைக்கிறது. சரிசெய்யலாம் என்றால் பதினான்கு புள்ளியும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் வெளிநாட்டில், ஒருவருக்குக் கோபம், ஒருவருக்குப் பணமுடை. கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொள்வது ஒன்றே ஒன்றைத்தான்: விற்றுப் பிரித்துக்கொள்வது. இதைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். நூறு ஜன்னல் வீட்டைப் பராமரிக்கும் செலவு ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சக்திக்கு மீறியது.

வழியில்லாமல் இல்லை. சில வீடுகள் விடுதிகளாகி நன்றாக நடக்கின்றன. பனையோலைக் கொட்டான் முடையும் கைவேலைக்கு மறுபடி மதிப்பு வந்திருக்கிறது. ஆத்தங்குடியில் கையால் செய்யும் தளக்கல்லுக்கு இன்றும் ஊர் ஊராகத் தேவை. அந்த வேலையை நின்று பார்க்க வேண்டும். கண்ணாடிப் பலகைமேல் உலோக அச்சை வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வண்ணக் குழம்பை ஊற்றுகிறார் தொழிலாளி. அச்சைத் தூக்கினால் பூ நிற்கிறது. அதன்மேல் உலர்ந்த கலவை தூவி, சிமெண்டுச் சாந்து பரப்பி அழுத்துகிறார். பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாட்கணக்கில் ஊறல். சூளையே கிடையாது. கண்ணாடியை விலக்கும்போது கல்லின் முகம் கண்ணாடியைப் போலவே பளபளக்கிறது. இந்தக் கைகள் இருக்கும்வரை பழைய தளத்தைப் புதுப்பிக்க முடியும்.

யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-லேயே சேர்ந்துவிட்டன. மரபுக் கட்டடங்களுக்கான ஆணையம் அமைக்கத் தமிழ்நாடு 2012-ல் சட்டம் இயற்றியது. காகிதம் இருக்கிறது. கோட்டையூரையும் கண்டனூரையும் தன்னோடு சேர்த்துக்கொண்ட காரைக்குடி மாநகராட்சிக்கு இப்போது அதிகாரமும் இருக்கிறது. தெருவாரியாகப் பழைய வீடுகளின் பட்டியல் எடுக்க வேண்டும். பட்டியலில் உள்ள வீட்டுக்குச் சொத்துவரியைக் குறைக்க வேண்டும். ஓடு மாற்றவும் உத்திரம் சரிசெய்யவும் குறைந்த வட்டிக் கடன் வேண்டும். இடிக்க அனுமதி கேட்டு யாராவது வந்தால், கையெழுத்துப் போடுவதற்குமுன் அளவெடுத்து வரைபடமும் படமும் எடுத்து வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த பழைய கொத்தனார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் பத்து இளைஞர்களைச் சேர்த்துவிட்டால் போதும். விராலிமலை போன்று வளரத் தொடங்கியிருக்கும் ஊர்களும் இதை இப்போதே செய்யலாம். எல்லாம் இடிந்தபின் எடுக்கும் பட்டியலால் ஒரு பயனும் இல்லை.

நீங்கள் காரைக்குடிப் பக்கம் போனால் ஓர் இரவு ஒரு பழைய வீட்டில் தங்குங்கள். அனுமதிக் கட்டணம் கேட்கும் வீடுகளில் பேரம் பேசாமல் கொடுங்கள், அது ஓட்டுக்கும் உத்திரத்துக்கும் போகும் காசு. உங்கள் புது வீட்டு வரவேற்பறையில் நிறுத்த இடித்த வீட்டின் தூணைத் தேடாதீர்கள். ஆத்தங்குடிக்குப் போய்ப் புதுக் கல் வாங்குங்கள்.